பாலுக்கு ஒரு திருக்கை

திருப்பதி மீன் மார்க்கெட்டில் திருக்கை இல்லை. திலீப் மூன்று வரிசைக் கடைகளையும் இரண்டு தடவை சுற்றிவிட்டான். கட்லாவும் ரோகுவும் ஐஸில் குவிந்து கிடந்தன. எல்லாம் ஏரி, குளத்து மீன். கடல் மீன் விற்கிற ஒரே கடைக்காரர் வெறும் பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டேக்கு சேப்பவா? இப்புடு எக்கட?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, திலீப் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "திருக்கைதான கேக்கற? மே மாசம்பா இது. போட்டுங்க எல்லாம் கரைல நிக்குது, தடை. ஜூன் பாதிக்கு மேல வா."

ஜூன் பாதி வரைக்கும் காத்திருக்க திலீபால் முடியாது. அவன் பிள்ளை பிறந்து அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது.

திலீபுக்கு நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவன் மட்டும் நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கிற ஒரு ஃபேக்டரியில் மிஷின் ஆபரேட்டராக இருந்தான். மாம்பழ சீசன் ஆரம்பித்தால் மூன்று மாதத்துக்கு ஊர்ப் பக்கம் வர முடியாது. அதனால்தான் ஏழாம் மாதத்தில் தேவயானியின் கால் வீங்கியதும் முகம் உப்பியதும் அவனுக்கு போனில் மட்டுமே தெரியும். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவனும் சொன்னான், அவளும் நம்பினாள். ஒரு காலையில் கண் இருட்டிக்கொண்டு விழுந்தவளை அவள் அம்மா சுலோசனா ஆம்புலன்ஸில் ஏற்றித் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அவன் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை, பாதி வழியிலேயே இறங்கிவிட்ட மாதிரி வந்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அதன் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். வாயில் போகிற குழாயில்தான் பால். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு மில்லி. அந்தப் பாலும் தேவயானியுடையது அல்ல. ஆஸ்பத்திரியிலேயே பால் பேங்க் ஒன்று இருந்தது. பால் அதிகம் சுரக்கிற தாய்மார் கொடுத்துவிட்டுப் போவதை எடுத்து, இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கொடுப்பவர்கள் கொஞ்சம், குடிப்பவர்கள் நிறைய.

அன்று காலையில் நர்ஸ் ஸ்வர்ணலதா தேவயானியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்து சொன்னாள்: "பாலு வஸ்துந்தாமா? லேதா? இன்னும் ஊறலியா? பேங்க்ல ரெண்டு நாளைக்குத்தான் இருக்குது. அப்புறம் பவுடர்தான். இவ்ளோ சின்ன குழந்தைக்கு பவுடர் ஒத்துக்காது. வயிறு வீங்கிடும். நீ மனச உட்டுடாத. ரெண்டு மணிக்கொரு தபா பம்பு வெச்சி எடுத்துக்கினே இரு."

தேவயானி எடுத்துக்கொண்டேதான் இருந்தாள். பாட்டிலின் அடியில் மஞ்சளாக நாலு துளி ஒட்டும். அதைப் பார்த்து அவள் அழுவாள். அழுதால் அதுவும் வராது.

"திருக்கை வாங்கிக் கொடுத்தா பாலு ஊறும் நைனா" என்றாள் சுலோசனா. மாப்பிள்ளையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "இவ பொறந்தப்போ எனக்கும் அப்படித்தான். பூண்டு நெறையா போட்டுத் திருக்கைக் கொழம்பு. மூணாம் வேளைக்கு ரவிக்கையெல்லாம் நனைஞ்சி போச்சி."

திலீப் ஸ்வர்ணலதாவிடம் கேட்டான். அவள் சிரிக்கவில்லை. "மீனு நல்லதுதான், துன்னட்டும். ஆனா பம்ப நிறுத்தக் கூடாது" என்றாள்.

மறுநாள் விடியலில் திலீப் தெரிந்தவரிடம் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினான். மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதிக்குக் கடலும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று பேப்பரில் படித்திருந்தானே தவிர, அந்தக் கடலை அவன் பார்த்ததில்லை. ஏர்பேடு, காளஹஸ்தி, நாயுடுபேட்டை என்று கேட்டுக் கேட்டுப் போய், வாகாடு தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் நிறுத்தியபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. பெரிய படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. துடுப்புப் போடுகிற சின்னத் தோணி ஒன்று மட்டும் கரைக்குப் பக்கத்திலேயே, இடுப்பளவுத் தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் ரங்கையா. அறுபது வயதிருக்கும். அந்தக் குப்பத்துக்காரர்கள் வீட்டுக்குள் பேசுவது ஒருவிதத் தமிழ்தான் என்பது திலீபுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"பாலுக்கா?" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டதும். "இரு. திருக்கை ஆழத்துல இருக்கற சாதி இல்ல. இங்கதான், இந்த முட்டி ஆழத்துலதான் மணலுக்கடியில படுத்துக்கினு இருக்கும். மேல கண்ணு மட்டும் தெரியும். கால வெக்கறவனுக்குத் தெரியாது. நீ எறங்காத. வால்ல முள்ளு இருக்குது."

திலீப் மணலில் உட்கார்ந்து காத்திருந்தான். மூன்று தடவை வலை வெறும் பாசியோடு வந்தது. நான்காவது தடவை, வலைக்குள் ஒரு பெரிய முறம் கவிழ்ந்து கிடப்பது போல ஏதோ புரண்டது. மணல் நிறம். ஓரங்கள் அலைபோல மடங்கி மடங்கி விரிந்தன. ரங்கையா அதைக் கரைக்கு இழுத்துப்போட்டு, வாலை ஒரு கட்டையால் அழுத்தி, முள்ளைக் கத்தியால் சீவி எடுத்து மணலில் ஆழப் புதைத்தார்.

"பார்த்தியா, உன் அதிர்ஷ்டம்" என்று நிமிர்ந்தவர், மறுபடி குனிந்தார். "அடப்பாவமே."

திருக்கையின் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது. திலீப் முதலில் அதைக் குடல் என்று நினைத்தான். வெற்றிலையைச் சுருட்டினது மாதிரி இருந்தது. மணலில் விழுந்ததும் அது மெல்ல விரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருக்கை. வால், கண், எல்லாம் இருந்தது. அடியில் மஞ்சளாக ஒரு சின்னப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று.

"இது முட்ட போடாதா?" என்று கேட்டான் திலீப்.

"இதுங்க குட்டிதான் போடும். வயித்துலயே பால் மாதிரி ஒண்ணக் குடுத்து வளக்கும். இது இன்னும் மாசம் ஆவல பாரு, பை ஒட்டிக்கினு இருக்குது. வலைல மாட்டினா பயத்துல இப்படித்தான், நாளு வராமயே போட்டுடும்." ரங்கையா மூன்றையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார். திலீபும் எழுந்து பின்னாலேயே போனான். இரண்டு குட்டிகள் ஓரங்களை அடித்துக்கொண்டு கலங்கலுக்குள் மறைந்தன. மூன்றாவது அலையோடு வந்து வந்து போனது.

"பொழைக்குமா?"

"நூத்துல ஒண்ணு ரெண்டு பொழைக்கும்." ரங்கையா திரும்பி வந்து தாய் மீனைப் பார்த்தார். அதன் செவுள் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இன்னா சொல்ற? ஒனக்கு மனசு வரலன்னா சொல்லு, இதையும் உட்டுடறேன். இப்ப உட்டா பொழைச்சிக்கும். ஆனா இன்னிக்கு இன்னொண்ணு மாட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நாலு நாளுக்கு அப்பறம் இப்பதான் இது ஒண்ணு வந்துச்சி."

திலீப் ரொம்ப நேரம் நிற்கவில்லை. நின்றதாகப் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. உண்மையில் நான்கைந்து மூச்சு விடுகிற நேரம்தான். பேங்கில் பால் நாளையோடு முடிகிறது.

"குடுத்துடுங்க" என்றான்.

ரங்கையா காசு வாங்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்றால் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் அவர்கள் ஓர் அறையை மாதக் கடைசி வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா மாலை போட்டவர் வீடு என்று சொல்லி மீன் சமைக்கக் கூடாது என்றுவிட்டாள். சுலோசனா பின்னாலிருந்த காலி மனையில் மூன்று செங்கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, வெந்நீர் ஊற்றித் தோலைச் சுரண்டி, இரண்டு கைப்பிடி பூண்டு உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். மீதியை வேகவைத்து உதிர்த்துப் புட்டாகவும் செய்தாள். தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனபோது தேவயானி வாசனையிலேயே எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள், சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

"எங்க மாமா கெடைச்சிது?" என்றாள் கையை நக்கிக்கொண்டே.

"கடலுக்கே போய் வாங்கியாந்தேன்."

"நீ கடல் பாத்தியா! எப்டி இருந்திச்சி?"

"பெருசா இருந்திச்சி" என்றான் திலீப்.

குழம்பினாலா, விடாமல் பம்ப் வைத்ததாலா, அல்லது அவன் அவ்வளவு தூரம் போய் வந்தான் என்பதில் அவள் மனசு லேசானதாலா தெரியாது. மறுநாள் மதியம் பாட்டிலின் கால்வாசிக்கு வெள்ளையாகப் பால் நின்றது. தேவயானி அந்தப் பாட்டிலை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்தபடி நடந்து, தானே கொண்டுபோய் ஸ்வர்ணலதாவிடம் கொடுத்தாள். குழாய் வழியாக அது இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளும் திலீபும் பார்த்தார்கள். பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் கைவிட்டு, ஒரு விரலை அவள் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். அது பிடித்துக்கொண்டது.

"யஸ்வந்து" என்றாள்.

"அதுக்குள்ள பேரு வெக்கலாமா? பதினோராம் நாளு கழியட்டும்."

"நான் வெக்கல. கூப்பிட்டுப் பாத்தேன்."

அதற்குப் பிறகு நாலு நாள் நல்ல நாட்கள். இரண்டு மில்லி நாலானது, நாலு ஆறானது. எடை இருபது கிராம் ஏறியது. திலீப் சித்தூருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று கூடச் சொன்னான்.

பதினோராம் நாள் காலை பிள்ளை பால் ஏற்கவில்லை. ரத்தத்தில் கிருமி என்றார்கள். மருந்து மாற்றினார்கள். மூச்சுக்கு வேறு மிஷின் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதியம், வார்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டரம்மா தேவயானியை உள்ளே கூப்பிட்டு, குழாய்களை எடுத்துவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் மார்பில் வைத்தார். அதுதான் முதல் தடவை அவள் அதைத் தூக்கியது. முக்கால் மணி நேரம் இருந்தது.

கீழே ஆபீஸில் கிளார்க் தாளை எழுதிக்கொண்டே தலை நிமிராமல், "பேரு?" என்றார். "லேக்கபோத்தே பேபி ஆஃப் தேவயானி அனி ராஸ்தானு."

பேர் இல்லாவிட்டால் அப்படியே எழுதிவிடுகிறேன் என்கிறார். திலீபுக்குப் பக்கத்தில் நின்ற தேவயானி, "பேரு இருக்குது" என்றாள். "யஸ்வந்த். எழுதுங்க."

ஊரில் நிலத்து ஓரத்தில், அண்ணன் குழி வெட்டி வைத்திருந்தார். எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

முடியாதது ஒன்றுதான். பால் நிற்கவில்லை. மூன்றாம் நாள் தேவயானியின் மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. சுலோசனா மல்லிகைப் பூவை வாங்கி வந்து மாரில் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்ற அதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். மறுநாள் காலையில் திலீப் உள்ளே போனபோது, கட்டை அவிழ்த்துப் பூவையெல்லாம் முறத்தில் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்வர்ணலதாம்மாவுக்கு போன் போட்டேன். வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"பாலு குடுக்க."

திலீபுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "நம்ம புள்ளைக்கு ஒதவாத பாலு ஊரான் புள்ளைங்களுக்கா? நீ அங்க போயி அந்தப் பொட்டிங்கள மறுபடியும் பாக்கணுமா? உனக்கு இன்னா, பைத்தியமா?"

"மொத ஆறு நாளு அவன் யார் பால குடிச்சான் மாமா?" என்றாள் தேவயானி. குரல் உயரவில்லை. "யாரோ ஒரு பொம்பள. பேரு கூடத் தெரியாது. அவ புள்ள இருந்திச்சோ, இல்லியோ. அதுவும் தெரியாது."

சுலோசனா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

பின் தெரு அறை மாதக் கடைசி வரைக்கும் அவர்கள் பேரில்தான் இருந்தது. இரண்டு வாரம் அங்கே தங்கினார்கள். காலையிலும் மாலையிலும் தேவயானி பால் பேங்குக்குள் போவாள். திலீப் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். சித்தூரில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஃபேக்டரியில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

பெஞ்சில் உட்காருவது சுலபமாக இல்லை. கையில் சீட்டோடு தகப்பன்மார் வருவார்கள், பாட்டில் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருநாள் சந்திரகிரிக்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிள்ளை ஒன்றரை கிலோ ஆகிவிட்டது என்று போனில் படம் காட்டினான். பிறகு சிநேகமாகக் கேட்டான்: "மீ பாபு பாகுன்னாடா?"

உங்கள் பையன் நன்றாக இருக்கிறானா என்கிறான். திலீப் படத்தையே பார்த்துக்கொண்டு, "பாகுன்னாடு" என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பால் குறைந்தது. நிறைந்த பாட்டில் பாதியானது, பிறகு கால். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தேவயானி வெறும் கையோடு வெளியே வந்தாள். ஸ்வர்ணலதா கூடவே கதவு வரை வந்து, அவள் தலையில் கைவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு திருத்தணி பஸ்ஸில் ஏறினார்கள். சுலோசனா முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தாள். பஸ் ரேணிகுண்டா தாண்டி, புத்தூரையும் தாண்டியது. திலீப் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி இருந்தான். அத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்கு அவனைக் கேட்காமலேயே வெளியே வந்தது.

"தேவி, அந்தத் திருக்கை சினையா இருந்திச்சி."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுருண்டு வந்தது, மஞ்சள் பை, ரங்கையா கேட்டது. "தாய உட்டுடறேன்னாரு. பொழைச்சிக்கும்னாரு. நான்தான் குடுங்கன்னேன். அந்தப் பாவம்தான் நம்ம புள்ளைய..." பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவனால் அழுகையை அடக்க முடியவில்லை. பிள்ளையைப் புதைத்த அன்றைக்கும் அவன் அழுததில்லை.

தேவயானி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தினி குட்டி?"

"மூணு."

"தண்ணியில உட்டாரா?"

"உட்டாரு. ரெண்டு நீந்திப் போச்சி. ஒண்ணு தெரியல."

"முன்னாடியே சொல்லியிருந்தன்னா நான் துன்னிருக்க மாட்டேன்" என்றாள். அது பாறாங்கல்லைப் போல அவன் மேல் விழுந்தது. கொஞ்சம் கழித்து அவளே, "சொல்லாததும் ஒருவகைக்கு நல்லதுதான். நாலு நாளு அவன் என் பாலக் குடிச்சான்" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "கிருமின்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. நீ அதையே நெனச்சிக்கினு இருக்காத மாமா. துன்னவ நான். பாவம்னா எனக்குந்தான் பாதி" என்றாள்.

அவனுக்கு அது ஆறுதலா இல்லையா என்று புரியவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அவள் அவன் தோளில் சாய்ந்தாள். வெயில் முகத்தில் விழாமல் அவன் கையை ஜன்னலில் வைத்து மறைத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். பிரசவம் ஆனதிலிருந்து அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு ஒரே சீராக வந்தது.

"நகரி, நகரி! நகரி எறங்கறவங்க!" என்று கண்டக்டர் கத்தினார். ஆட்கள் மூட்டைகளோடு இறங்கினார்கள். திலீப் அசையவில்லை. பஸ் மறுபடி கிளம்பியதும் கண்டக்டர் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்பா, நீங்க நகரிதான எடுத்தீங்க?"

திலீப் உதட்டில் விரலை வைத்தான். மரத்துப்போன தோளை அசைக்காமல், இன்னொரு கையால் சட்டைப் பையைத் துழாவினான்.

"திருத்தணிக்கு ரெண்டு குடுங்க" என்றான் மெதுவாக.